படகுத்துறையில் அவன் சொன்னது

லூபோக் சீனா போகும் பஸ். மழைக்குச் சாத்திய கண்ணாடியில் மரங்களெல்லாம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன. முன் சீட்டில் ஒரே நிறத் தொழிற்சாலைச் சட்டையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் தமிழ்ப் பேப்பர், சினிமா விமர்சனப் பக்கம்.

“இத எழுதுனவன் வேற படம் பாத்திருக்கான் லா, செல்வி.”

“என்னாக்கா எழுதியிருக்கான்?”

“மொத பாகத்துல இருந்த சிரிப்பு ரெண்டாவதுல இல்லையாம். குங்ஃபூ சண்டை மட்டும் பரவால்லையாம். கடைசியில கூட்டாளிங்க ரெண்டு பேரையும் பிரிச்சது ஒட்டவே இல்லையாம். எங்க பிரிஞ்சாங்க? போட்ல ஏறுறப்ப ஒல்லிக்காரன் குண்டன்கிட்ட, அடுத்த வாரமே வந்துருவேன்னு சொன்னான்ல? நீதான படிச்சு சொன்ன?”

சீனப் படத்துக்கு அடியில் ஓடும் மலாய் எழுத்து அக்காவுக்குப் படிக்க வராது போலிருக்கிறது. தியேட்டரில் செல்விதான் காதோடு காதாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

செல்வி ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தாள்.

“அவன் அப்படிச் சொல்லலக்கா. இனிமே வரமாட்டேன்னுதான் போட்டிருந்துச்சு. நீங்க அழுதுகிட்டு இருந்தீங்க. அதான் மாத்திச் சொன்னேன்.”

பஸ் சுங்கை ஊடாங்கைத் தாண்டியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் மழைக்குள் மெல்ல மிதந்து பின்னால் போயிற்று. அக்கா பேப்பரை நான்காக மடித்தாள்.

“கல்யாணம் முடிஞ்சு ஜொகூர் போனாலும் மாசம் ஒரு தடவ வந்து பாப்பேன்னு சொன்னியே, செல்வி. அதயும் மாத்தித்தான் சொன்னியா?”