இரண்டுக்கு ஒன்று

காலை ஆறரை மணிக்கு அடுப்பில் கடற்பாசிச் சாறு வைத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் அதுதான் முதல் சாப்பாடு. தாசோமுக்கு மட்டிச் சதை போட்டால்தான் பிடிக்கும். போட்டேன்.

குன்சான் நகரில் ஒரே வீட்டில் மூன்று பெண்கள் இருந்தோம். நான், தாசோம், ராவோன். எவனுக்கும் சமைத்துப் போடுவதில்லை, எவனுக்கும் பெற்றுத் தருவதில்லை என்று முடிவெடுத்துச் சேர்ந்தவர்கள். வீட்டில் எதற்கும் வாக்கெடுப்புதான். சோற்றுக் கிண்ணத்தின்மேல் கரண்டியைக் கவிழ்த்தால் சம்மதம்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. ஆண் இல்லாத வீடு ஒரு பிள்ளையாவது பெற்றுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் கலைத்துவிடுவார்கள். பிறக்கும் பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். வளர்ப்பதா, அரசின் பிள்ளையகத்தில் ஒப்படைப்பதா என்று வீடு முடிவு செய்யலாம். ஒப்படைத்தால் அப்புறம் பார்க்க முடியாது.

மூத்தவள் நான். மருத்துவமனைக்குப் போய்க் கருவேற்றிக்கொண்டேன். மூவருமே அம்மாவாக இருப்போம் என்றார்கள். பாப்பா தன் பெயரைத்தான் முதலில் சொல்லும் என்று ராவோன் பந்தயம் கட்டினாள்.

பிரசவ விடுதியில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது இருவரும் வந்து என் மகளைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்கள். விழித்தபோது மார்பு கனத்திருந்தது.

"ஓட்டு ரெண்டுக்கு ஒண்ணு, அக்கா," என்றாள் தாசோம். "அம்மா வேஷத்துலேர்ந்து உங்கள விடுவிச்சிருக்கோம். இன்னைக்கு அழுவீங்க, நாளைக்கு நீங்களே நன்றி சொல்லுவீங்க பாருங்க."

நான் சண்டை போடவில்லை. விதி மூவரும் சேர்ந்து போட்டது. அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். புரியாதவர்கள்மேல் கோபப்படக் கூடாது.

தாசோமுக்கு ஒருவன் இருந்தான். சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பாள். அவளுடைய கருத்தடை மாத்திரைகளை டப்பாவில் நிரப்பி வைப்பது என் வேலை. அதே நிறத்தில், அதே அளவில் இனிப்பு மாத்திரை கடையில் கிடைக்கிறது. விசாரிக்கிற நீங்கள் அது குற்றம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.

நாள் தள்ளிப்போனதும் அழுதாள். கலைக்கச் சட்டம் இடம் தராது. வேண்டாத பிள்ளையை எடுத்துக்கொண்டால் அது இழப்பாகாது. அதனால் பொறுமையாக இருந்தேன். பொன்னிற ஆமை ஒன்று அவள் மடியில் ஏறிப் படுத்ததாகக் கனவு கண்டேன் என்று சொன்னேன். பிள்ளை வரப்போவதைச் சொல்லும் கனவை நெருங்கியவர்கள் காண்பது எங்களுக்குள் உண்டு. நான் எதையும் காணவில்லை. வீங்கிய காலைப் பிடித்துவிட்டேன். வயிற்றில் உதைத்தபோது என் கையை இழுத்து வைத்துக்கொண்டு சிரித்தாள். ஏழாம் மாதம் அவளே போய்ச் சின்னச் சட்டை வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு எனக்குக் கவலை இல்லை.

ராவோனை நான் வற்புறுத்தவில்லை. அவள் கொள்கைக்காரி. என் பெண்ணை ஒப்படைக்க அவர்கள் சொன்ன காரணங்களையே அவளிடம் திருப்பிச் சொன்னேன். கரண்டியைக் கவிழ்த்தாள். நானும் கவிழ்த்தேன்.

பழி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒருத்திக்கு நடந்தது இன்னொருத்திக்கும் நடப்பதுதானே சமத்துவம். தாசோமை இப்போதும் என் தங்கையாகத்தான் நினைக்கிறேன்.

விடுதியில் சாற்றை நானே ஊட்டினேன். மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிள்ளையகத்து வண்டி கீழே வந்து நின்றிருந்தது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் கண்ணசர்றேன். இங்க இருக்கற நர்சுங்கள நம்ப முடியாது, கேக்காமலே தூக்கிட்டுப் போயிடுவாளுங்க. நீங்களே வச்சிருப்பீங்கல்ல?"