ஏழாம் அறையும் எட்டாம் அறையும்

இன்று அடம்பன் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த நடுவயதுப் பெண் மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் கைபேசியில் அறை பதிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கணினி வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்.

"ஏழாம் அறை பிடிச்சிட்டன் பிள்ளை. எட்டை ஆரோ பிடிச்சு வைச்சுக்கொண்டு விடுகினமில்லை. ரெண்டும் இல்லாட்டி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகேலாது. அக்காவும் வீட்டிலயிருந்து அதே ரெண்டு அறைக்குத்தான் பாக்கிறா. இப்ப எழுதுறா, எட்டைப் பிடிச்சிட்டாவாம், ஏழில ஒரு பிசாசு குந்தியிருக்காம்."

"அன்ரி, அந்தப் பிசாசு நீங்கள்தான்!"

"ஐயோ!"

"நீங்கள் ஏழை வைச்சுக்கொண்டு எட்டுக்கு நிக்கிறியள். அவ எட்டை வைச்சுக்கொண்டு ஏழுக்கு நிக்கிறா. எவ்வளவு நேரம் நிண்டாலும் நகராது. பிறகு கணினியே ஒராளைத் தள்ளிவிடும். ரெண்டு பேரும் சின்ன இலக்கத்தில தொடங்கியிருந்தால் இப்பிடி வராது."

"அவ எதையும் கடைசியிலயிருந்துதான் தொடங்குவா. நான் விட்டால் வேற ஆரும் எடுப்பினமோ?"

"இல்லை, இதில காட்டுது, ஏழுக்கு வரிசையில முதல் ஆளாய் நிக்கிறது அவதான்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஏழை விட்டார். உயிலங்குளம் வருமுன் கைபேசி ஒலித்தது.

"அக்காவுக்கு ரெண்டும் கிடைச்சிட்டுதாம். மன்றாடினதுக்கு மாதா செய்த புதுமையாம்."

"நீங்கள்தான் விட்டதெண்டு சொல்லேல்லையோ?"

"அதைச் சொன்னால் பிசாசு நான்தானெண்டும் சொல்லவேணுமே பிள்ளை. புதுமையாகவே இருக்கட்டும்."