ஒரே ஒரு ரவுண்டுங்க சார்

...அதெல்லாம் எஞ்சின் கோளாறு இல்லீங்க சார், முஜீப்பு கோளாறு. உக்கடத்துல பழைய சாமான் கடை வெச்சிருக்கானே, அவனேதான். நோட்டுல எழுதறதா இருந்தா அவன் பேர எழுதுங்க. படகு பேர எழுதாதீங்க.

சித்த கால மேல தூக்கி வெச்சுக்குங்க. அடில கொஞ்சம் தண்ணி நிக்கும். ஓட்டையில்லீங்க, அதெல்லாம் போன மாசமே தார வெச்சு அடச்சாச்சு. இது வேர்வைங்க. சோதிக்கறதுக்கு ஆபீசரு வந்து ஏறுனா பழைய படகுக்கு வேர்க்காதுங்களா. சூசக் கழட்டிக் குடுங்க, முன்பலகைல காய வெக்கறேன்.

இருங்க, கயித்த இன்னொருக்கா இழுத்துப் பாக்கறேன்... ம்க்கும்.

எழுபத்தெட்டுல வந்த எஞ்சினுங்க. எம்பட சின்னவன் மோகன்குமாரு பொறந்ததும் அதே வருசம். ரெண்டையும் காலைல கெளப்புனாச் சாயந்தரந்தான் கெளம்பும். ஆனா இது எதுத்துப் பேசாது. பதினெட்டு வருசமா இந்த அணையில எத்தனை கல்யாண சோடிய ஏத்தியிருக்கறேன். ஒருக்கா ஒரு பொணத்தக் கூட... அது வேண்டாம், உடுங்க.

நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டா இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம். இல்லீன்னா இத ஏலத்துல தள்ளிப்போட்டு, காலால மிதிக்கறாங்களே, அந்த வாத்துப் படகு கொண்டாந்து உடறாங்களாமா. இந்த வயசுல நான் வாத்து மேய்க்கறதுங்களா? நிக்காம ஒரே ஒரு ரவுண்டு போயிருந்தா முடிஞ்சிருக்கும். இது பாருங்க, கரையத் தாண்டுனதும் படுத்துப்போட்டுது.

எஞ்சினுக்குப் பின்னால சின்ன ஓட்டை தெரியுதுங்களா? ஓடறப்ப அதுல தண்ணி பீச்சோணும், பையன் ஒண்ணுக்கடிக்கறாப்ல. அடியில மீன் செவுளாட்டம் கீறல் இருக்கும். அது வழியா அணைத் தண்ணிய உறிஞ்சி, சூட்டத் தணிச்சு, இது வழியா உட்டுரும். இப்பச் சொட்டு வல்ல. நீர்க்கடுப்பு. தண்ணி உறிஞ்சற ரப்பர் றெக்கைய முஜீப்பு போன வாரந்தான் மாத்திக் குடுத்தான். "புதுசுதானா தம்பி"ன்னேன். "காளிச்சாமியண்ணா, உங்க மேல சத்தியமா"ன்னான். அவன் மேல பண்ணல பாருங்க. அங்கயே எனக்குச் சந்தேகம்.

ஊட்டுக்காரி தெய்வாத்தா வேற, காலைல வாசல்ல நின்னுக்கிட்டு "அதக் கழட்டுனீங்களா, அதக் கழட்டுனீங்களா"ன்னு கத்துனா. எதைன்னு கேக்கல. முப்பத்தஞ்சு வருசமா அவ சொல்றத முழுசாக் கேட்டதில்ல, இன்னைக்கு மட்டும் கேக்கறதுங்களா.

என்னங்க, துடுப்பா? அது கரையில படகுச் செட்டுல கெடக்குது. துடுப்பெடுத்துட்டு வந்தா, நம்மள நம்பலியேன்னு எஞ்சினுக்கு ரோசம் வந்துருமுங்க. பயப்படாதீங்க, காத்து கரைப்பக்கந்தான் தள்ளுது.

செரி, எஞ்சினத் தூக்கி அடியப் பாத்தர்றேன். முஜீப்பு, உன்ன இன்னைக்கு...

...

சார், நீங்க அந்தப் பக்கம் பாருங்க. மலை நல்லாருக்குதில்லீங்க.

கையிலயா? ஒண்ணுமில்லீங்க. செவ்வந்திப் பூவு. முந்தாநேத்து ஆயுத பூசை பாருங்க, காரமடைல பத்து முழம் வாங்கியாந்தேன். ஊருல எல்லாரும் எஞ்சின் தலைல மாலை போடுவாங்க. நாந்தான், தண்ணிக்குள்ள நின்னு உழைக்கறது காலு, மரியாத மட்டும் தலைக்கான்னு, காலச் சுத்தி நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிப்போட்டேன். இன்னைக்கு அப்படியே தண்ணிக்குள்ள எறக்கிட்டனுங்க. கயிறு பூரா, தண்ணியத் தள்ளற காத்தாடில சுத்தி, பூவு செவுளுக்குள்ள போயி... பாவம், மூக்குல பூவ வெச்சு அடச்சா எப்படீங்க மூச்சு உடும்.

தெய்வாத்தா கத்துனது இதுக்குத்தான். முஜீப்பு பேர அடிச்சுருங்க சார். அவன் நல்ல பையன்.

ஏனுங்க, எங்கீங்க? எறங்காதீங்க சார்... எறங்கிட்டீங்களா. முட்டித் தண்ணிதான், சேறு வழுக்கும், பாத்து. வேட்டியா இருந்தாத் தூக்கிக் கட்டலாம், பேண்ட்டுக்கு என்ன பண்றது.

இருங்க சார், பூவெல்லாம் எடுத்தாச்சு, சூடும் ஆறிப்போச்சு. ஒரே இழுப்பு...

கேட்டுதுங்களா? பாருங்க, பீச்சுது பாருங்க, என்ன வேகம். வந்து ஏறுங்க சார்.

வல்லீங்களா. செரி, போங்க. உங்க சூசு ரெண்டும் இங்க முன்பலகைலதான் இருக்குது. கல்லும் முள்ளும், வெறுங்கால்ல உங்க ஜீப்பு வரைக்கும் நடக்க முடியாதுங்க. கரையிலயே நில்லுங்க. நிக்காம ஒரு ரவுண்டு அடிச்சுப்போட்டு நானே கொண்டாந்து தாரேன். அது வரைக்கும் இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருங்க.