ஏழு தோல்களின் கீறலை எடுத்துச் சொன்ன அக்காவுக்கு

தோல்வழி மருந்தாய்வுக் கூடத்தின் தூணே! துல்லியத்தின் துணையே! முப்பத்தோராண்டு உழைத்து முழங்கால் தேய்ந்த முதுநிலைத் தொழில்நுட்பரே! எங்கள் அன்பு அக்காவே! வணக்கம்.

"மடலைச் சின்னதா எழுதுங்கப்பா, உட்கார்ந்தே கேட்டுக்கிறேன்" என்று அக்கா முன்னமே சொல்லிவிட்டார். ஆகவே அவருடைய குணங்களை அடுக்காமல், அவருக்கு நேர்ந்த ஒன்றை மட்டும் இப்பணிநிறைவு விழா அவைக்குச் சொல்கிறோம்.

அரிப்பாலும் தடிப்பாலும் அவதியுறுவோருக்கான மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் பொதிந்து, தோலுக்குள் செலுத்துவதே இக்கூடத்தின் பணி. செலுத்திய மருந்து எங்கே போயிற்று என்றறிய, இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் பன்றிக்காதுகளின் தோலைக் காகிதம்போல் சீவி, கண்ணாடிக் குப்பிகளின் வாயில் பொருத்த வேண்டும். மேலே பூசும் மருந்து தோலைக் கடந்தால் கீழேயுள்ள குப்பியில் வந்து சேரும். மழித்து, வழித்து, சீவிச் சீவி அக்காவின் விரல்கள் மரத்துப்போயின.

ஆறாண்டுகளுக்கு முன் ஒரு களிம்பு எல்லாரையும் மயக்கியது. பூசிய மருந்தில் பாதி, தோலைக் கடந்து கீழ்க்குப்பிக்கே வந்துவிட்டது! அவ்வளவு ஆழம் இறங்கும் மருந்து தோலுக்குள்ளும் நிறையச் சேர்ந்திருக்கும் என்று நம்பினோம். துறைத்தலைவர் கட்டுரையை முடித்து, நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி கேட்கும் தாள்களையும் எடுத்து வைத்துவிட்டார். அக்காவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அச்சோதனை முடிந்து, கழித்துப்போட உறைபெட்டியில் வைத்திருந்த பன்னிரண்டு தோல்கள்மீதும் நீலச் சாயத்தை ஊற்றினார். ஏழில் சாயம் ஒரே கோடாய் ஒழுகியது. சீவும் பிளேடு பிசிறடித்துத் தோலைக் கீறியிருந்தது. அதை மாற்றியிருக்க வேண்டியவர் அவரேதான்.

அத்தனை ஆண்டும் சேர்த்த பெயர் கண்முன்னே நின்றது. ஆனாலும் தலைவரின் அறைக்குப் போனார்.

"சார், மருந்து தானாத் தோலைத் தாண்டல. கீறல் வழியா இறங்கியிருக்கு. பிளேடை மாத்தாம விட்டது நான்தான்."

"இத்தனை மாசம் கழிச்சு வந்து சொல்றீங்களே! வேற யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே சார். போதாதா?"

தலைவர் தாள்களைக் கிழித்தார். இரண்டு வாரம் அக்காவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பேச்சற்ற கூடத்தில் அக்கா மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். நான்கு மாதம், எண்பது தோல்கள், ஒவ்வொன்றுக்கும் சாயச் சோதனை. இறுதியில் கீழ்க்குப்பிகளில் மருந்தின் சுவடே அரிதாயிருந்தது. தலைவர் தலையில் கைவைத்துவிட்டார்.

"அப்ப மருந்து எங்கதான் போச்சு?"

"தோலை அரைச்சுப் பார்த்தாத்தான் தெரியும். நாளைக்குப் பார்க்கலாமா சார்? கால் கடுக்குது."

மறுநாள் அரைத்துப் பார்த்தார்கள். மருந்தில் பெரும்பங்கு தோலுக்குள்ளேயே தங்கியிருந்தது! தோல்நோய் மருந்து தங்க வேண்டிய இடமும் அதுவே. அது இரத்தத்தில் கலந்தால்தான் கேடு. குமிழிகள் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. நாங்கள்தாம் வேறொன்றுக்காக அவற்றைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். பழைய கணக்கை நம்பியிருந்தால் நோயாளிகளுக்கான மருந்தின் அளவே பிழையாகியிருக்கும். தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா "அப்பாடா" என்றதோடு சரி.

அக்களிம்பு இன்று மருத்துவமனைச் சோதனையில் இருக்கிறது. முடிவு வர இன்னும் ஓராண்டாகும். "அதுவரை இருந்து பார்த்துட்டுப் போகலாமே அக்கா?" என்று நேற்றுக் கேட்டோம்.

"வந்தா ஒரு போன் போடுங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

அம்மையீர்! அந்த அலுப்பு தாங்கள் உழைத்து ஈட்டியது. ஆறுதல் மொழிகளால் அதை மறைக்க நாங்கள் முனையவில்லை. உடல்நலம் தங்களைத் தாங்குக! உறக்கம் தங்களைத் தழுவுக! எவரும் தங்களை எதிர்பார்த்துக் காத்திராத காலைகள் ஏராளமாய் வாய்க்கட்டும்!

என்றும் நன்றியுடன்,
துறைத்தலைவரும் கூடத்து ஊழியர்களும்