யூலாலி பெரியம்மா சொன்னது

அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும், டெல்லா. ஜன்னல் பக்கமாக உட்கார். மொழிப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நீதிமன்ற ஒலிப்பதிவை நீ கேட்டு வாங்கியிருக்கிறாய் என்று தெரிந்தபோதே, ஒருநாள் இப்படி வந்து நிற்பாய் என்று நினைத்தேன். நம் மொழியை நன்றாகக் கற்றிருக்கிறாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வரிசையாகச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர், வரிசை தவறினால் எனக்கே பிடிக்காது.

செம்புச் சுரங்கக்காரர்கள் முகட்டுக்கு அந்தப் பக்கம் துளையிட வந்தபோது அது நம் பூர்வகுடி நிலம் என்று நம் வீட்டார் அரசின் மேல் வழக்குத் தொடுத்தோம். அங்கே வாழ்ந்தோம் என்று காட்டினால் மட்டும் நிலம் நமதாகிவிடாது. மற்றவர்கள் நம்மைக் கேட்டுத்தான் உள்ளே வந்தார்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். அதைச் சொல்ல உயிரோடு இருந்தவள் என் பெரியம்மா யூலாலி ஒருத்திதான். அதற்கு முன்பு கீழ்ப் பள்ளத்தாக்கு வழக்கில் ஒரு பெரியவர் சாட்சி சொல்லிவிட்டு, குறுக்கு விசாரணை முடியுமுன் இறந்துபோனார். எதிர்த்தரப்பு கேட்டு முடிக்காத சாட்சியத்துக்கு எடையில்லை என்று தள்ளிவிட்டார்கள். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கத்தின் கழிவுக் குளம் இருக்கிறது. அங்கே வாத்துகூட இறங்குவதில்லை.

பெரியம்மாவின் குறுக்கு விசாரணையன்று பனிப்புயல். மொழிபெயர்ப்பாளர் வழியில் மாட்டிக்கொண்டார். தள்ளிவைத்தால் அடுத்த தேதி வசந்தத்தில்தான். பெரியம்மாவின் இதயத்தைப் பார்த்த மருத்துவர் வசந்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நம் மொழி தெரிந்தவர்கள் என்று அந்த அறையில் நானும், பின்வரிசையில் பாசில் மாமாவும்தான். மாமாவுக்கு மர அறுவை ஆலையில் காது போயிருந்தது, காதருகே உரக்கச் சொன்னால்தான் கேட்கும். ஆகவே நானே மொழிபெயர்க்கலாம் என்றார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஹால்டேனும் மறுக்கவில்லை. கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக்  நம் வழக்கப்படி கழுகிறகைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

காலையில் பெரியம்மா உற்சாகமாகத்தான் இருந்தாள். ஹால்டேன் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டபோது என் பக்கம் சாய்ந்து, "இந்தத் தம்பிக்கு அவங்கம்மா சோறு போடலியா ரோவீ? சொல்லையே இப்படிச் சப்பிக்கிட்டிருக்கான்" என்றாள். 'கேள்வி நீளமாக இருக்கிறது என்கிறார்' என்று மொழிபெயர்த்தேன். ஹால்டேன் மன்னிப்புக் கேட்டார். யாருக்கும் நஷ்டமில்லை.

மதியத்துக்குப் பிறகு முக்கியமான கேள்வி வந்தது. "அந்த முகட்டைத் தாண்டிப் போக மற்ற வீட்டார் யாராவது உங்களிடம் அனுமதி கேட்டதுண்டா?"

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். ஒலிப்பதிவில் நீ கேட்டிருக்கிறாய். "ரோவீ, நெஞ்சுல கல்ல வெச்ச மாதிரி இருக்குடி. தண்ணி குடு. என்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

நான் நீதிபதியைப் பார்த்து இப்படிச் சொன்னேன்: "கேட்டுத்தான் வந்தார்கள். கேட்காமல் வந்தவர்களை முகட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினோம்."

அது பொய் அல்ல. மீன் அறுத்துப் புகைபோடும் கொட்டகையில் உட்கார்ந்து அவளே பலமுறை என்னிடம் சொன்னது. வேறொரு நாள் சொன்னதை நான் அன்றைக்குச் சொன்னேன், அவ்வளவுதான். ஹால்டேனிடம் இன்னும் சில கேள்விகளே பாக்கி இருந்தன. அவருடைய தாள்கள் தீர்ந்துகொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லை எந்த ஓடை வரை என்று கேட்டார். பெரியம்மா போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றிவிடச் சொன்னாள். நான் ஓடையின் பெயரைச் சொன்னேன். அங்கே விலங்குகளுக்கு யார் பொறி வைத்தார்கள் என்று கேட்டார். பெரியம்மா அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டாள். நான் அந்த அம்மாவின் பெயரையே பதிலாகச் சொன்னேன். அங்கே பொறி வைத்தது அவள்தான்.

நீதிபதி நல்ல மனிதர். குனிந்து பார்த்து, "சாட்சிக்கு உடம்புக்கு முடியவில்லையா? நிறுத்திக்கொள்ளலாமா என்று கேளுங்கள்" என்றார்.

நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நம் மொழியில் கேட்டேன்: "பெரியம்மா, அந்த முகடு நம்மளோடதுதானே?"

"ஆமா" என்றாள். தலையையும் அசைத்தாள். உதடு வெளுத்திருந்தது.

'தொடர விரும்புகிறார்' என்று நீதிபதியிடம் சொன்னேன்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என் கைப்பையில் இருந்தது. கைப்பை என் காலடியில் இருந்தது. அது பதிவில் இருக்காது. அதனால் நானே சொல்கிறேன். ஹால்டேன் 'வேறு கேள்வி இல்லை' என்று உட்கார்ந்ததும் எடுத்துக் கொடுத்தேன். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் பனியில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது நடைக்கூடத்துப் பெஞ்சில் அவள் தலை என் மடியில் கிடந்தது.

வழக்கு ஜெயித்தது. தீர்ப்பில் அந்த 'கேட்டுத்தான் வந்தார்கள்' வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நாடெங்கும் நிலவழக்குகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஓடையில் சால்மன் மீன் ஏறுகிறது. உன் பள்ளிக்கூடமே அந்த நிலத்தில்தான் நிற்கிறது. இதையெல்லாம் உன் வாயை அடைக்கச் சொல்லவில்லை, கணக்கில் சேர்த்துக்கொள் என்றுதான் சொல்கிறேன்.

பெரியம்மாவை அடக்கம் செய்த பிறகு நடந்த விருந்தில், வீட்டுத் தலைவியாக அவள் தாங்கியிருந்த பட்டப்பெயரை எனக்கு வைத்தார்கள். தாய்வழியில் அடுத்தவள் நான், மறுக்கக்கூடாது. அன்றிலிருந்து யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்சம் நேரமாகிறது. எனக்கு முன்னால் வேறு யாரோ திரும்புவது போலிருக்கும். வேட்டைக்குப் போகிறவர்கள் முகட்டைத் தாண்டலாமா என்று என்னைத்தான் போனில் கேட்கிறார்கள். மறுமுனை அமைதியானதும் ஒருத்தி மூச்சு வாங்குகிறாள். தண்ணீர் கேட்கிறாள். அதனால்தான் வீட்டில் எல்லா அறையிலும் ஒரு டம்ளர் வைத்திருக்கிறேன். யாரும் குடிப்பதில்லை, காலையில் மாற்றிவிடுவேன். அது ஒரு பழக்கம், வேறொன்றும் இல்லை. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

விருந்தன்று பாசில் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணும் காதுல விழல. உதடு அசைஞ்சதுதான் தெரிஞ்சுது. கடைசியா என்னம்மா சொன்னா எந்தங்கச்சி?" என்று கேட்டார். நீதிபதியிடம் சொன்னதையே சொன்னேன். "அதானே! சாகற நேரத்துலயும் எடம் கொடுக்கமாட்டாளே அவ" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நீ வேண்டுமானால் அவரிடம் போய் மாற்றிச் சொல். நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்றை யோசி. ஏரிக்கரையில் குழாய்வழி போடுகிறவர்களை எதிர்த்து நாம் போட்ட வழக்கு நடக்கிறது. ஏரிக்கரையின் கதை தெரிந்தவர் இனி மாமா மட்டும்தான். போன வாரம் அவர் மூச்சு வாங்கி மருத்துவமனையில் படுத்திருந்தார். குறுக்கு விசாரணை வரும் திங்கட்கிழமை. பக்கத்தில் யார் உட்கார்ந்து மொழிபெயர்க்கட்டும் என்று இன்று காலை அவரிடமே கேட்டேன். உன் பெயரையும் சொன்னேன்.

"வேற யாரு, நீதான்" என்றார். "நீ பேசினா அவளே பேசின மாதிரி இருந்துச்சுன்னு அன்னிக்கு எல்லாரும் சொன்னாங்களே."

சரி மாமா என்றேன்.