சம்பளம் இல்லாத நர்ஸ்

நேற்றுக் காலை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறியதும், முன் சீட்டுப் பெண் தன் அண்ணன் மனைவியான மைனியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"குவைத்துல, அயர்லாந்துல எல்லாம் எனக்கு ஜோலி உண்டுன்னு எழுதினாங்க. சொந்த ஊர்லதான் ஜோலி இல்லாதவள்னு எழுதிட்டாங்க."

மடியில் சான்றிதழ் ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"யாருட்டி அப்படி எழுதினா?"

"யாரு யாருக்கு ஜோலி உண்டுன்னு சர்வே எடுக்க வந்தவன். உள்ள நான் மாமாவுக்குப் படுக்கைப்புண் கழுவிக்கிட்டு இருக்கேன். வாசல்ல எங்க வீட்டுக்காரரு, 'முன்ன நர்ஸா இருந்தா, இப்ப சும்மாதான் இருக்கா'ன்னு சொல்லிட்டாரு."

"நீ போயி கேக்கலியா?"

"கேட்டேன். சம்பளம் இல்லன்னா ஃபாரத்துல அது ஜோலி இல்ல சேச்சின்னான். வருஷா வருஷம் இப்படி எழுதிட்டு, மத்த நாட்டுப் பெண்ணுங்க வேலைக்குப் போறாங்க, நம்ம பெண்ணுங்க போகலன்னு பேப்பர்ல போடுவாங்க! அங்க எங்கூட ஷிஃப்ட் பாத்தவளுகளுக்கு மாப்பிளைமாரு வீட்டைப் பாத்தாங்க. இங்க எவன் பாப்பான்?"

"இப்ப மாமாவ யாரு பாக்கா?"

"இவருதான். லீவு போட வச்சிட்டுத்தான் இன்டர்வியூவுக்குக் கிளம்பினேன்."

போன் அடித்தது. கணவனின் பதற்றம் எனக்கே கேட்டது. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியவில்லையாம்.

அவள் குரல் சட்டென்று இறங்கியது. "கால் முட்டிய மடக்குங்க. தோளையும் இடுப்பையும் சேத்துப் பிடிச்சு உங்க பக்கமாத் திருப்புங்க. முதுகுக்குத் தலகாணி வையுங்க. பயப்படாதீங்க."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்றது. எழுந்தவள் மைனியைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷம் இதுக்குத்தான் மைனி எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."