உப்பு போடாத விலா எலும்பு

இல்ல சாமி, நாயில்ல. சோம்போன் அண்ணன் குறட்டை. தூங்கட்டும் விடுங்க. பொம்பளையும் பிக்குவும் தனியா உக்காரக் கூடாது, ஆம்பளை ஒருத்தர் கூட இருக்கணும்னுதானே விதி? முழிச்சிருக்கணும்னு இல்லியே. இருக்கா? சரி, ஒரு தட்டு தட்டறேன். அண்ணே! ஓ அண்ணே! கோயிலைக் கூட்டறேன்னு சம்பளம் வாங்கிட்டுத் தூண்ல சாஞ்சு தூங்கறீரே, சாமி பாக்கறார். ஆங், முழிச்சுட்டார். முழிச்ச மாதிரிதான்.

எங்க விட்டேன்? ஆமா, பன்னி விலா. முந்தின நாள் சாயங்காலமே ஊற வச்சுடுவேன் சாமி. கொத்தமல்லி வேரு, பூண்டு, வெள்ளை மிளகு, மூணையும் கல் உரல்ல நைய இடிக்கணும். மிக்சில அடிச்சா அது வேற என்னமோ. அதுல மீன் சாஸு, சிப்பி சாஸு, நம்ம பெச்சபுரி ஊர்ப் பனவெல்லம் ஒரு உருண்டை. காலைல ஆவில வேக வச்சுட்டு அடுப்புக்கரில வாட்டணும். வெல்லம் கருகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்துடணும். அந்த ஒரு நிமிஷம்தான் சமையல். மத்ததெல்லாம் காத்திருக்கறது.

என் பையனுக்கு உசுரு அது. தெரு முனைல வாசனை பட்டுச்சுன்னா செருப்பை ரோட்டுலயே விட்டுட்டு ஓடி வருவான்.

அவனை நான்தான் அனுப்பினேன் சாமி. காவி கட்டாத பையனைப் பச்சைன்னுதானே சொல்றாங்க நம்ம ஊர்ல. பச்சைப் பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? மழைக்காலம் மூணு மாசம் கோயில்ல இரு, கொஞ்சம் வெந்துட்டு வாடான்னேன். இப்படி எலும்பை விட்டுக் கழண்டு வர்ற அளவுக்கு வெந்துடுவான்னு யாரு கண்டா?

மழை முடிஞ்சுது. கூடப் போனவனுங்க எல்லாம் காவியைக் கழட்டிட்டு பேன்ட் போட்டுக்கிட்டுப் போயாச்சு. நானும் ஒரு நீலச் சட்டை, ஒரு பேன்ட் புதுசா தைச்சு, இஸ்திரி போட்டு, கதவுல மாட்டி வச்சேன். வாராவாரம் தூசி தட்டி மறுபடி இஸ்திரி. இப்ப தை மாசக் குளிரே வந்தாச்சு.

முட்டியா? வலிக்குது. அதை விடுங்க.

வீட்டுக்கு வாடான்னு கூப்பிடலாமா நான்? பிக்குவைக் காவியை விட்டு இழுத்தா ஏழு ஜென்மத்துக்குப் பாவம். அதனால கூப்பிடவே இல்ல. ஒரு வார்த்தை சொன்னதில்ல. காலைல பிச்சைக்கு வர்றப்ப கிண்ணத்துல வெறும் விலா எலும்பு போட்டேன். அதுவும் பாவமா? பக்கத்து வீட்டு கன்யா கேக்கறா, என்னடி, பிக்கு வர்ற நேரம் பாத்து வாசல்ல கரி அடுப்பு வச்சு விசிறிட்டு இருக்கே, தூண்டில் போடறியான்னு. காத்து இந்தப் பக்கம் அடிச்சா நான் என்னடி பண்ணுவேன்னேன்.

ஆனா பாருங்க, கிண்ணத்துல போட்டதெல்லாம் இங்க வந்ததும் பொதுவாப் போயிடுது, பெரியவங்க முதல்ல எடுக்கணும்னு. எனக்கு அது புத்தியில வரல. ரெண்டு மாசமா என் எலும்பை எல்லாம் யாரு சாப்பிட்டது? பல்லே இல்லாத தாத்தா சாமி! சப்பிட்டு வச்சுடறாராம். கோயில் நாயெல்லாம் பீப்பா மாதிரி ஆயிடுச்சு. சோம்போன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அப்புறம் அளவைக் கூட்டினேன். மூணு கிலோ. தாத்தா சாமியைத் தாண்டி அவன் வரைக்கும் போகட்டும்னு.

சிரிக்கறீங்களா? இல்லியா. சரி.

போன வாரம் ஒரு தப்பு நடந்துடுச்சு சாமி. அவசரத்துல மீன் சாஸு, சிப்பி சாஸு ரெண்டையும் ஊத்தவே மறந்துட்டேன். உப்பே இல்ல. வெல்லமும் மிளகுமா, வாயில வைக்க முடியாது. பிக்குங்க எல்லாம் போனப்புறம் மிச்சத்தைத் தின்னு பாத்துட்டுத் தலைல அடிச்சுக்கிட்டேன். வீட்டுல உப்பு ஒரு கல்லு குறைஞ்சா தட்டைத் தள்ளிட்டு நூடுல்ஸ் கடைக்குப் போறவன் அவன். மத்தியானம் இங்க ஓடி வந்து சோம்போன் அண்ணனைப் பிடிச்சேன். என்ன ஆச்சு அண்ணே, தள்ளிட்டானா, மூஞ்சியைச் சுளிச்சானா? அவரு சொன்னார், ஒண்ணும் இல்லியே, அன்னிக்கு சின்ன சாமிக்கு நாலு துண்டு வந்துது, நாலையும் தின்னு, கிண்ணத்தைக் கழுவி வெயில்ல கவுத்து வச்சுட்டு, போட்டவங்க நல்லா இருக்கட்டும்னு ஓதிட்டுப் போனாருன்னார்.

அங்கேயே வாசப்படில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம்தான். வெயிலு.

அவ்வளவுதான் சாமி. குறை சொல்ல வரல. நாளைலேருந்து எல்லாரையும் போல கீரையும் சோறும் போடறேன். நான் எலும்பு வாங்கற கறிக்கடைக்காரன்தான் அழுவான். இன்னிக்கு மட்டும் கடைசியா ஒரு டப்பா. துணியை விரிங்க, அது மேல வைக்கறேன். பொம்பளை கை படக் கூடாதுல்ல. ம், இழுத்துக்குங்க. மத்தியானம் பன்னெண்டு தாண்டினா விதி விடாது, அதுக்குள்ள சாப்பிட்டுடுங்க.

இருங்க, மூணு தடவை விழுந்து கும்பிட்டுக்கறேன். இந்த முட்டியோட மெதுவாத்தான் முடியும். நீங்க எந்திரிக்காதீங்க, நீங்க எந்திரிக்கக் கூடாது.

அப்புறம், அந்த நீலச் சட்டையையும் பேன்ட்டையும் நேத்து கன்யா பையன் தோங்சாய்க்குக் குடுத்துட்டேன். கை ரெண்டு விரக்கடை நீளமா இருக்கு அவனுக்கு. உங்க அளவுக்குத் தைச்சதுதானே. மடிச்சுத் தைச்சுக்கறேன் அத்தைன்னான்.

சாப்பிடுங்க. இன்னிக்கு உப்பு சரியா இருக்கு.